உள்ளே உட்கார்ந்திருக்கும் கங்காணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் 17 வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலக பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போக முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பவும் முடியவில்லை. அன்றைக்கு என்னை யாரும் திட்டவில்லை, எந்த வேலையும் தவறிப்போகவில்லை. யாரும் சொல்லாமலே ராத்திரியும் உட்கார்ந்து வேலை பார்த்து, என்னை நானே பிழிந்து வற்றிப்போயிருந்தேன். பிறகு மெல்ல மெல்ல, இப்படித் தன்னைத் தானே விரட்டி வேலை வாங்கிக்கொள்வதைப் பற்றி மற்றவர்களிடம் பேச ஆரம்பித்தேன். நண்பர்களும் கூட வேலை செய்பவர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, நீங்களாகத்தானே ராத்திரி உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள்?

ஆமாம், நானாகத்தான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். அலுவலக சாட்டில் நம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். சில நிமிடம் கணினியைத் தொடாமல் இருந்தால் மஞ்சளாகிவிடும். வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் நான் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் மவுஸ் இருக்கும். ஒரு வாய் சோறு, மவுஸை ஒரு நகர்த்து, அடுத்த வாய் சோறு. ஒருநாள் என் மகள், அப்போது அவளுக்கு ஆறு வயது, "நீ சாப்பிடுப்பா, நான் நகர்த்துறேன்" என்று வந்து மவுஸைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் புள்ளி மஞ்சளானால் என்ன ஆகும் என்று எந்த மேலாளரும் என்னிடம் சொன்னதில்லை. ரொம்ப நாள் கழித்து என் மேலாளரிடமே கேட்டேன். "நான் அதையெல்லாம் பார்க்கிறதே இல்லையே" என்றார். அவர் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சியோலில் பிறந்து ஜெர்மனியில் வாழும் தத்துவ அறிஞர் ப்யுங்-சுல் ஹான் 2010-ல் இதைப் பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். பழைய சமூகம் மனிதனிடம் "கூடாது" என்றும் "செய்தாக வேண்டும்" என்றும் சொல்லி வேலை வாங்கியது, இப்போதைய சமூகம் "உன்னால் முடியும்" என்று சொல்லி வாங்குகிறது என்பது அவர் வாதம். கட்டளைக்கு ஒரு முடிவு உண்டு. சொன்னதைச் செய்துவிட்டால் தீர்ந்தது. "முடியும்" என்பதற்கு முடிவே இல்லை. அதனால் சுரண்டுபவனும் சுரண்டப்படுபவனும் ஒரே ஆளாகிவிடுகிறான். அப்படி ஒருவன் விழும்போது அவனுக்குக் கோபம் வருவதில்லை, வெட்கம்தான் வருகிறது. பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்ததும் அந்த வெட்கம்தான்.

உள்ளே இருந்து நம்மை விரட்டுவதை ஏன் "கங்காணி" என்கிறீர்கள்?

நம் மொழியில் இதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இலங்கை, மலாயா தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டு கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு போனவர் கங்காணி. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்றவர். ஊரில் முன்பணம் கொடுத்தவரும் அவர், விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணியவரும் அவர், கூடை நிறைகிறதா என்று பின்னால் நின்று பார்த்தவரும் அவர். வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தனியாகக் காசு உண்டு. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பிக் கொண்டுவந்தால் அவருக்கு லாபம். குறித்த எடைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் "அரைப்பேர்" விழும், அதாவது பாதி நாள் கூலி.

அந்த மக்கள் பட்ட பாட்டையும் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த என் பாட்டையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. வேலை வாங்கும் முறையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அந்தக் கங்காணி வெளியே நின்றார். அவரை வெறுக்க முடிந்தது, அவர் தலை மறைந்ததும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் உட்கார்ந்து திட்ட முடிந்தது. எனக்குள் இருப்பவர் என் குரலிலேயே பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாயில் சாய்ந்தால், "இந்த நேரத்துக்கு அந்தச் சர்டிபிகேஷனையாவது முடித்திருக்கலாமே" என்பார். எட்டு வேலை முடித்த நாளிலும் முடிக்காத இரண்டைக் காட்டி அரைப்பேர் போடுவார்.

உங்கள் அப்பா காலத்தில் இதைவிடக் கஷ்டமான வேலை இல்லையா?

இருந்தது. என் அப்பா ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. பஞ்சுத் தூசி, காதடைக்கும் இரைச்சல், வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாற்றம். வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். உடம்பு அவருக்கு என்னைவிடப் பல மடங்கு தேய்ந்தது.

ஆனால் மில்லில் சங்கு ஊதும். ஊதினால் ஷிப்ட் முடிந்தது. மிஷினை அடுத்த ஆளிடம் விட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு வருவார். பேப்பர் படிப்பார், சங்கத்துக்காரர்களோடு ஒரு மணி நேரம் கத்துவார். மிஷின் அவர் பின்னால் வீட்டுக்கு வந்ததில்லை. ராத்திரி படுக்கும்போது "நான் நல்ல தொழிலாளிதானா" என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கஷ்டம் கூடுதல், ஆனால் அதற்குக் கரை இருந்தது. என் வேலையில் கஷ்டம் குறைவு, ஆனால் சங்கு கிடையாது.

நான் அதிகமாக உழைத்தால் என் உடம்புதானே கெடும், மற்றவர்களுக்கு என்ன?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் படித்துவிடுங்கள்.

எங்கள் டைம்ஷீட்டில், அதாவது வேலை பார்த்த நேரத்தைப் பதியும் படிவத்தில், ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் போட்டால் சிவப்பு காட்டும், சேமிக்கவே விடாது. 12 மணி நேரம் பார்த்த நாளிலும் 8 என்றுதான் போடுவோம். அப்புறம் அடுத்த புராஜெக்டுக்கு எத்தனை நாள் ஆகும் என்று எஸ்டிமேட் போடுபவர் பழைய கணக்கைத்தான் எடுத்துப் பார்ப்பார். ஒரு வேலையை நான் ஐந்து நாளில் முடித்ததாக அதில் இருக்கும். உண்மையில் அது 60 மணி நேரம், அதாவது ஏழரை நாள் வேலை. மீதி இரண்டரை நாளை என் தூக்கத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன், அது எந்தக் கணக்கிலும் இல்லை.

அதே மாதிரி வேலை அடுத்த முறை வந்தபோது ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவருக்கு வீட்டில் கைக்குழந்தை, ஆறரை மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அவருக்கும் ஐந்து நாள்தான் கொடுத்தார்கள். அவரால் முடியவில்லை. "கொஞ்சம் ஸ்லோ" என்று பெயர் வந்தது. வேலை மதிப்பீடான அப்ரைசலில் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி இத்தனை பேருக்கு மேல் ரேட்டிங், இத்தனை பேருக்குக் கீழ் ரேட்டிங் என்று பிரிப்பார்கள். அவர் கீழே போனார், நான் மேலே போனேன். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது நான் என்பது புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க சார்" என்றார். அந்தப் பதிலை இன்னும் என்னால் விட முடியவில்லை.

தன்னைத் தானே பிழிந்துகொள்பவர் அளவுகோலையும் சேர்த்து இழுத்து விடுகிறார். நாளைக்கு அவருக்கே அந்த அளவு எட்டாமல் போகும்.

பர்ன் அவுட், அதாவது வேலையால் வற்றிப்போவது, நோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலின் 11-ம் பதிப்பில் அதைச் சேர்த்தது. ஆனால் நோயாக இல்லை, வேலை சார்ந்து வரும் ஒரு நிலையாகச் சேர்த்தது. மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி முழுக்க வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன் மேல் கசப்பு வருவது, வேலைத் திறன் குறைவது. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்றும் சொல்கிறது. அதாவது காரணம் வேலையிடத்தில் இருக்கிறது.

என் விஷயத்தில் முதலில் போனது தூக்கம் இல்லை, பொறுமை. மகள் கணக்கில் சந்தேகம் கேட்டால் மூன்றாவது வார்த்தையிலேயே குரல் உயரும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நெஞ்சில் ஒரு கனம்.

எதிலுமே பிடிப்பில்லாமல், வேலையை விட்டு விலகி இருந்தாலும் இருட்டு விலகவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நீங்களே பெயர் வைத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எத்தனை மணி நேரம் வரை உடம்பு தாங்கும்?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு வகை இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016 என்ற ஒரே ஆண்டில் உலகம் முழுக்க 7,45,000 பேர் இறந்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பேச்சுகளைக் கேளுங்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஏழு நாளும் வேலை செய்தால்கூட நாளைக்கு கிட்டத்தட்ட 13 மணி நேரம். ஓ.எம்.ஆரில் போக வர இரண்டு மணி நேரம் போடுங்கள். மீதி ஒன்பதில் தூங்க வேண்டும், குளிக்க வேண்டும், அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும். அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்தை உருவாக்கியவருக்கு ஒவ்வொரு கூடுதல் மணி நேரமும் அவருடைய பங்கில் சேர்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அந்த மணி நேரங்களுக்குச் சம்பளமே கிடையாது.

டெலிவரி செய்பவர்கள் அவர்களுக்கு அவர்களே முதலாளிதானே? வேண்டும்போது லாக் இன், வேண்டாதபோது லாக் அவுட்.

துரைப்பாக்கத்தில் நான் டீ குடிக்கும் கடையில் ஒரு தம்பி பழக்கம். விழுப்புரம் பக்கம், டிப்ளமோ படித்தவர். ஒருநாள் ராத்திரி பதினொன்றே கால் மணிக்கு வண்டியில் சாய்ந்து நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டாச்சா தம்பி?"

"இன்னும் ரெண்டு ஆர்டர்ணா. முடிச்சிட்டா 120 ரூபா இன்சென்டிவ் சேர்ந்து வரும். அப்புறம் சாப்பிட்டுக்கலாம்."

"லாக் அவுட் பண்ணிட்டுப் போகலாமே?"

"போலாம்ணா, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா காலையிலருந்து ஓடினது பாதிக்குப் பாதி வேஸ்ட் ஆயிடும்."

போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு பட்டை முக்கால்வாசி பச்சையாகி, கொஞ்சம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைதான் அவரை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. தோட்டத்து அரைப்பேரை ஒரு பட்டையாக வரைந்தால் இப்படித்தான் இருக்கும்.

வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, கீழே விழுந்தால் கையும் அவருடையது. எந்த ஆர்டருக்கு எவ்வளவு, எத்தனை ஆர்டருக்கு இன்சென்டிவ், எந்த ரேட்டிங்குக்குக் கீழே போனால் ஐடி பிளாக் என்பதெல்லாம் ஆப் முடிவு செய்கிறது. விலை சொல்ல முடியாதவரை முதலாளி என்று அழைப்பதில் என்ன நியாயம்?

தமிழ்நாட்டில் இவர்களுக்கென்று நல வாரியம் அமைக்கப்பட்டிருக்கிறது, 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்தது. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் குளிரூட்டிய ஓய்வறை ஒன்றைத் திறந்தது. நல்ல காரியம். மே மாத வெயிலில் அரை மணி நேரம் உட்கார இடம் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பட்டை பச்சையாகாதவரை அந்தத் தம்பி உள்ளே வந்து உட்கார மாட்டார்.

கடையிலும் கம்பெனியிலும் உடம்பால் உழைப்பவர்களுக்கு இது பொருந்துமா?

ஓரளவுக்குத்தான். இங்கே ஹான் சொல்வதிலிருந்து நான் கொஞ்சம் விலகுகிறேன். நம் ஊரில் வெளியே நிற்கும் கங்காணி எங்கேயும் போய்விடவில்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. திருப்பூரில் "ஒன்றரை ஷிப்ட்" என்பது தினசரிப் பேச்சு, 12 மணி நேரம். அங்கே பீஸ் ரேட்டில் தைப்பவரிடம் இரண்டு கங்காணியையும் பார்க்கலாம். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கிறார். அவர் நகர்ந்த பிறகும், இன்னும் பத்து பீஸ் என்று தண்ணீர் குடிக்காமல் மிஷினை மிதிக்க வைப்பவர் உள்ளே இருக்கிறார்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கு?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். நான் மவுஸை நகர்த்திக்கொண்டே சாப்பிட்ட அந்தச் சோற்றை வடித்தது யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் மனைவியும் வேலைக்குப் போகிறவர். நான் இரண்டாவது ஷிப்ட் என்று அலுத்துக்கொண்ட நேரத்தில் அவர் மூன்றாவதில் இருந்தார். "எல்லாத்தையும் பார்த்துக்கிற கெட்டிக்காரி" என்று சொந்தக்காரர்கள் மெச்சும்போது அந்த மெச்சலும் ஒரு வேலை வாங்கும் கருவிதான்.

தியானம், யோகா செய்தால் சரியாகாதா?

செய்யுங்கள், நானும் நடைப்பயிற்சி போகிறேன். ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு. முடித்துவிட்டு எட்டரைக்கு வெளிநாட்டில் இருக்கும் குழுவோடு ஆன்சைட் கால். நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஓடுவதற்காக இன்றைக்கு ஓய்வெடுப்பதும் வேலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. உறங்கிய மணி நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து "நேற்று ஸ்லீப் ஸ்கோர் கம்மி" என்று கவலைப்படும் நண்பர் எனக்கு இருக்கிறார்.

கடன் இருக்கிறதே, என்ன செய்ய?

இந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. இலங்கைத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு. கடனை யாராவது தீர்த்தால்தான் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியும். 1921-ல் அதை ஒழித்தார்கள். 20 வருட வீட்டுக் கடனில் கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு அது ஞாபகம் வரவில்லை. வேலையை மாற்றலாமா என்று யோசித்த ஒவ்வொரு முறையும் மாதம் 5-ம் தேதி முன்னால் வந்து நின்றது. ஒன்று மட்டும் சொல்வேன்: அடுத்த சம்பள ஹைக்கை நம்பி இன்றைக்கே பெரிய இ.எம்.ஐ. எடுக்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருப்பவரால்தான் "இல்லை, இன்றைக்கு முடியாது" என்று சொல்ல முடிகிறது.

சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லிவிட்டது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று 2016-ல் மாநில அரசு தெளிவுபடுத்தியது. எங்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. "நாம் தொழிலாளி இல்லை, புரொபஷனல்" என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கதவை நாங்களே சாத்திக்கொண்டோம்.

இந்த 8 மணி நேரம் யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-ல் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றிக் கொண்டாடியவர் சிங்காரவேலர். சரியாக 100 வருடம் கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றுவிட்டதாக அறிவித்தார். வெளியே நிற்கும் கங்காணியை எதிர்க்க நமக்குத் தெரிந்திருக்கிறது.

வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலக அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டத்தில் கொண்டுவந்தன. நாடு முழுமைக்குமான அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை.

அப்படியானால் உழைக்கவே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. எனக்கு என் வேலை பிடிக்கும். மூன்று நாளாகப் பிடிபடாத ஒரு பிழை சட்டென்று பிடிபடும் நிமிடம் போல எனக்கு வேறு எதுவும் இல்லை. அந்த நிமிடத்தைக்கூட என்னால் உணர முடியாமல் போனதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

நான் மட்டும் நிறுத்தினால் பின்தங்கிவிட மாட்டேனா?

பின்தங்குவீர்கள். பொய் சொல்ல விரும்பவில்லை. ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிய முதல் வருடம் என் ரேட்டிங் ஒரு படி இறங்கியது. அதனால்தான் தனியாகச் செய்யாதீர்கள் என்கிறேன்.

நாங்கள் ஆறு பேர் ஒரு காரியம் மட்டும் செய்தோம். டைம்ஷீட் 8-க்கு மேல் வாங்காது, ஆனால் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. "உண்மையில் ஆன நேரம்: 11 மணி" என்று அதில் எழுத ஆரம்பித்தோம், ஆறு பேரும், தினமும். இரண்டாவது வாரம் மேலாளர் கூப்பிட்டு, "இதெல்லாம் எதுக்கு, கிளையன்ட் ஆடிட்டில் வரும்" என்றார். "வரட்டும் சார், உண்மைதானே" என்று சொன்னது அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாங்கள் எழுதுவதை நிறுத்தவில்லை.

மூன்றாவது மாதம் டீமுக்குக் கூடுதலாக ஓர் ஆள் வந்தார். அதே மாதிரி வேலை மறுபடி வந்தபோது எஸ்டிமேட்டில் எட்டு நாள் போட்டிருந்தார்கள்.